உம்மா இல்லாத வீட்டில் வாப்பா

பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூன் படங்களைப் பற்றி நம்மவர்கள் பேசத் தொடங்கினால் உடை, பாட்டு, காதல் என்ற மூன்றோடு பேச்சு முடிந்துவிடும. இளவரசியின் சட்டை கட்டையா நீளமா என்று பார்க்கிற கண், அதே படத்தில் வாப்பா என்ன செய்கிறார் என்று பார்ப்பதில்லை. ஆண் பிள்ளைகள் இவற்றிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது. 1995 இல் 'டோய் ஸ்டோரி'யோடு ஆரம்பித்த பிக்ஸார் நிறுவனத்தின் முதல் 12 முழுநீளப் படங்களிலும் மையப் பாத்திரம் ஆண்தான். பொம்மை, மீன், கார், எலி, ரோபோ, எதுவானாலும் ஆண். 2012 இல் 'பிரேவ்' வந்துதான் ஒரு பெண்ணுக்கு முறை கிடைத்தது. அதைத் தொடங்கிய பெண் இயக்குநர் பிரெண்டா சாப்மனையும் பாதியில் மாற்றிவிட்டார்கள்.

பிராட் பேர்ட் இயக்கிய 'த இன்கிரெடிபிள்ஸ்' (2004), அதன் இரண்டாம் பாகம் (2018) ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் விஷயம் நன்றாக விளங்கும். யாருக்கு எந்த சக்தி என்று பாருங்கள். வாப்பா பொப்புக்கு உடல் பலம். உம்மா ஹெலனுக்கு ரப்பர் மாதிரி இழுபடும் உடம்பு. குமர்ப்பிள்ளை வயலெட்டுக்கு மறைந்து போகும் திறமை. மகன் டேஷுக்கு வேகம். சாப்பாட்டு மேசைக் காட்சி ஒன்று முதல் படத்தில் வருகிறது. சண்டை பிடிக்கும் பிள்ளைகளை ஹெலன் இரண்டு கையையும் நீட்டி இழுத்துப் பிடிக்கிறாள். பொப் கடைசியில் எழுந்து மேசையையே தூக்கிப் பிடிக்கிறான். பலம் இருக்கிறது, ஆனால் வீட்டுக்குள் அதை வைத்து என்ன செய்வதென்று மனிசனுக்குத் தெரியவில்லை.

பொப் காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்து ஒடுங்கிப் போனவன். வேலை பறிபோனதை மனைவியிடம் சொல்ல வெட்கம். அலுவலகப் பயணம் என்று பொய் சொல்லிவிட்டு இரகசியமாக ஒரு தீவுக்குப் போய்ச் சண்டை பிடிக்கிறான். படத்தின் உச்சம் எனக்கு அந்தச் சண்டைகள் அல்ல. இறுதிப் போருக்கு முன், உங்களை இன்னொரு தடவை இழக்கிற பலம் எனக்கில்லை என்று மனைவியிடம் அவன் ஒப்புக்கொள்கிறானே, அந்த ஒரு நிமிடம். உலகத்திலேயே பலசாலியான ஆள் பலமில்லை என்று சொல்கிற இடம். சிறுவர் படமொன்றில் இதைக் காண்பது அபூர்வம். அதற்காகவே அந்தப் படத்தை நான் மதிக்கிறேன்.

இரண்டாம் பாகத்தில் ஹெலன் வேலைக்குப் போகிறாள், பொப் வீட்டில் நிற்கிறான். ஆஹா, முன்னேற்றம் என்று பலர் மெச்சினார்கள். எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. டேஷின் கணக்கு விளங்காமல் பொப் திண்டாடுகிறான். கைக்குழந்தை ஜாக்-ஜாக் நெருப்பாகிறான், மறைகிறான், பல உருவாகப் பிரிகிறான். தூக்கமில்லாமல், தாடி மழிக்காமல் பொப் சரிந்து விழ, தியேட்டரே சிரிக்கிறது. இதே பிள்ளைகளை இதே வீட்டில் இத்தனை காலமாக ஹெலன் வளர்த்தபோது யாரும் சிரிக்கவுமில்லை, கைதட்டவுமில்லை. அவள் செய்தால் அது வெறும் வீட்டு வேலை. அவன் செய்தால் வீரசாகசம். போனில் ஹெலன் கேட்கும்போது, எல்லாம் நல்லாப் போகுது என்று அவன் மறுபடியும் பொய் சொல்கிறான். முதல் படத்தின் பொய்யும் இதுவும் ஒரே வேரில் முளைத்தவை. முடியாது என்று சொன்னால் ஆம்பிளைத்தனம் போய்விடுமாம். வேலைக்குப் போன ஹெலனுக்கு என்ன நடந்தது? அவளைப் பாராட்டித் தோழியாகப் பழகிய பெண்தான் வில்லி. (பொப்பின் நண்பன் ஃப்ரோசோனின் மனைவிக்கு இரண்டு படத்திலும் குரல் மட்டும்தான், முகம் இல்லை. அதுவும் கணவனோடு வாதாடும் குரல்.)

இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஒரு வழமை தெரிகிறது. 'ஃபைண்டிங் நீமோ'வில் (2003) மகனுக்காகக் கடலையே கடக்கும் தகப்பன் மீனின் பாசம் நெஞ்சைத் தொடும். ஆனால் அதற்காகப் படம் தொடங்கிச் சில நிமிடங்களில் தாயைக் கொன்றுவிட்டார்கள். 'டெஸ்பிக்கபிள் மீ'யில் (2010) குரூவின் மனம் இளகுவது தாயில்லாத மூன்று அநாதைப் பெண் பிள்ளைகளிடம். இன்கிரெடிபிள்ஸில் தாய் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. உம்மா செத்துப்போனாலோ வீட்டில் இல்லாவிட்டாலோதான் வாப்பாவின் பராமரிப்பு கதையாகிறது. அவள் அடுப்படியில் நிற்கும்போதே அவனும் வந்து கூட நின்றான் என்றால் கதை இல்லையாம்.

பொப்புக்கு ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். உம்மா மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. அவற்றில் பலவற்றில் பிள்ளைகளின் பொறுப்பு உம்மம்மாவின் தலையில்தான் விழுகிறது. பொப் அப்படிக் கைமாற்றிவிடவில்லை. நித்திரை முழித்துப் புத்தகத்தைப் படித்து, அந்தக் கணக்கைத் தானே விளங்கி மகனுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். மகளிடம் மன்னிப்பும் கேட்கிறான்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அஸ்வத் கேட்டதற்கு ஆயிஷா (ரழி) அவர்கள் சொன்ன பதில் புகாரியில் இருக்கிறது. குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குப் போவார்கள் என்பதே அதன் சாரம். அவ்வளவுதான். அதில் சிரிப்பும் இல்லை, வியப்பும் இல்லை. மனைவி வீட்டில் இல்லாத நாளின் கதையும் அல்ல அது. இந்த ஹதீஸை மிம்பரில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வீட்டில் கோப்பை கழுவும் ஆணைக் கேலி செய்கிற நமக்கு, ஹொலிவூட்டைக் குறை சொல்ல எவ்வளவு உரிமை இருக்கிறது என்பது வேறு கதை.

நான் தேடியதற்குக் கிட்ட வருகிற ஒரு படம் 'டேர்னிங் ரெட்' (2022). டொமி ஷீ இயக்கியது. பிக்ஸாரில் ஒரு பெண் தனித்து இயக்கிய முதல் முழுநீளப் படம். டொரொண்டோவில் வாழும் சீனக் குடும்பம். பேச்சும் அதிகாரமும் தாயுடையவை. தகப்பன் ஜின் அதிகம் கதைக்க மாட்டார். சமைப்பார். மனைவி வீட்டில் இருக்கும்போதே சமைப்பார். கெமரா அவருடைய கையையும் சட்டியையும் ஆசையோடு காட்டுகிறது, ஒரு பகிடியும் இல்லை. கடைசிப் பகுதியில் மகளைத் தேடிப் போய், உனக்குள் இருக்கிற குழப்பமானதையும் துரத்திவிடாதே என்ற மாதிரி இரண்டு வார்த்தை சொல்கிறார். பிறகு படம் மறுபடியும் தாய்க்கும் மகளுக்கும் திரும்பிவிடுகிறது. ஜின்னுக்கு இன்னும் ஒரு பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம்.