பிளேஆஃப் ஜோசியமும் பதினைந்து வருடக் கணக்கும்

மே மாதம் வந்தால் எங்கள் வானூர், மரக்காணம் பக்கம் இரண்டு கணிப்புகள் ஓடும். ஒன்று உப்பளத்தில்: கோடை மழை வருமா, பாத்தியில் இருக்கிற உப்பு தப்புமா? இன்னொன்று டீக்கடையில்: ஐபிஎல் பிளேஆஃபுக்கு யார் வருவா, யார் கப் அடிப்பா? முதல் கணிப்பு தப்பினால் உப்பு கரைந்துபோகும். அதனால் சொல்கிறவர் யோசித்துத்தான் சொல்வார். இரண்டாவது தப்பினால் சொன்னவருக்கு ஒன்றும் ஆகாது. ரசிகர் கணிப்பின் ஜாலியும் கோளாறும் இதில்தான் இருக்கிறது.

ரசிகர் கணிப்பு என்று நான் சொல்வது யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிற அந்த வகையைத்தான். அமைப்பு எப்போதும் ஒன்றுதான். முதலில் நான்கு அணிகளின் பெயர். அப்புறம் ஃபைனலுக்கு இரண்டு. அப்புறம் கப் யாருக்கு. கடைசியில், "ஆனா டி20ல என்ன வேணும்னாலும் நடக்கலாம்." இந்தக் கடைசி வரிதான் பின்வாசல். ஜெயித்தால் "நான் அன்னைக்கே சொன்னேன்ல". தோற்றால் "அதான் சொன்னேனே, டி20ன்னு". எப்படி முடிந்தாலும் தப்பாகாத ஒன்றைக் கணிப்பு என்று சொல்ல முடியுமா?

என்ன வேண்டுமானாலும் நடக்குமா என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 2011லிருந்து ஐபிஎல்லில் இருப்பது 'பேஜ்' முறை. 1931ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கால்பந்து லீக்கில் வந்த முறை இது. முதல் இரண்டு இடம் பிடித்த அணிகள் குவாலிஃபையர் 1 ஆடும். ஜெயித்தால் நேராக ஃபைனல். தோற்றாலும் குவாலிஃபையர் 2 என்று இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாம், நான்காம் அணிகளுக்கு எலிமினேட்டர், தோற்றால் வீட்டுக்கு. நான்கு அணிகளும் சம பலம், ஒவ்வொரு மேட்சும் நாணயம் சுண்டுவது மாதிரி என்று வைத்துக்கொண்டால்கூட, முதல் இரண்டு அணிகளுக்குத் தலா 37.5 சதவீத வாய்ப்பு. மற்ற இரண்டுக்கும் தலா 12.5தான். ஒரு பந்து போடுவதற்கு முன்பே மூன்று மடங்கு வித்தியாசம்.

நிஜத்தில் என்ன நடந்தது? 2011 முதல் 2025 வரை 15 சீசன். கப் அடித்தவர்களில் லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தவர்கள் 5 பேர்: மும்பை (2017, 2019, 2020), குஜராத் (2022), கொல்கத்தா (2024). இரண்டாம் இடத்திலிருந்து வந்து அடித்தவர்கள் 9 பேர். நம்ம சிஎஸ்கே 2011, 2018, 2021, 2023ல் அடித்த நான்கும் இதில் சேரும். 2025ல் ஆர்சிபி அடித்ததும் அப்படித்தான். மூன்றாம் இடத்திலிருந்து ஒரே ஒரு அணி, 2016 சன்ரைசர்ஸ். நான்காம் இடத்திலிருந்து யாருமே இல்லை.

இங்கேதான் ரசிகர் ஒருவர் குதிப்பார்: "அப்ப ரெண்டாவது வர்றதுதான் ராசி!" கொஞ்சம் பொறுங்க. 14 தடவை நாணயம் சுண்டினால் ஒரு பக்கம் 9 தடவையோ அதற்கு மேலோ விழ சுமார் 21 சதவீத வாய்ப்பு இருக்கிறது. சர்வசாதாரணம். இதில் ராசியும் இல்லை, முதலிடத்துக்குச் சாபமும் இல்லை.

கவனிக்க வேண்டியது வேறு எண். குவாலிஃபையர் 1ல் ஜெயித்த அணி 15ல் 12 தடவை கப் அடித்திருக்கிறது. 2018லிருந்து எட்டு வருடமும் தொடர்ந்து அதுதான் கதை. விதிவிலக்கு 2013, 2017ல் மும்பை, 2016ல் சன்ரைசர்ஸ், அவ்வளவே. குவாலிஃபையர் 1 ஜெயித்த அணிக்கு மிச்சம் ஒரே மேட்ச் என்பதால் நாணயக் கணக்குப்படி 50 சதவீதம்தான் வர வேண்டும். 15ல் 12 என்பது தற்செயலாக விழ இரண்டு சதவீத வாய்ப்புகூட இல்லை. ஓய்வு காரணமா, அந்த அணிகள் நிஜமாகவே பலமானவையா என்பதை இந்த எண் சொல்லாது. ஆனால் "என்ன வேணும்னாலும் நடக்கலாம்" என்பதை அப்படியே நம்பவும் இது விடாது.

எதிர்வாதமும் உண்டு. 2024ல் ஆர்சிபி முதல் 8 மேட்சில் 7 தோற்றது. அப்போது "ஆர்சிபி காலி" என்று சொன்னவர்கள் ஏராளம். அப்புறம் வரிசையாக ஆறு வெற்றி. மே 18 அன்று பெங்களூரில் 218 அடித்தார்கள். சிஎஸ்கே தோற்றாலும் 201 எடுத்திருந்தால் ரன்ரேட்டில் உள்ளே போயிருக்கும். கடைசி ஓவரில் அதற்கு 17 தேவை. தோனி முதல் பந்தில் சிக்ஸர், இரண்டாவது பந்தில் அவுட். 191ல் முடிந்தது. இதை வைத்து ஏப்ரலில் "காலி" என்றவர்களைக் கேலி செய்வது நியாயமில்லை. "நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு" என்று சொல்லியிருந்தால் அது நல்ல கணிப்புதான். ஐந்து சதவீதம் என்றால் எப்போதாவது நடக்கும் என்றுதானே அர்த்தம்? குறை "காலி" என்ற சொல்லில் இருக்கிறது. அதில் எண் இல்லை.

அமெரிக்கா, கனடாவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர், நான்கு ஜெயிக்கணும். அங்கேயே 2023ல், லீக் கட்டத்தில் 65 வெற்றி என்று சாதனை படைத்த பாஸ்டன் முதல் சுற்றில் ஃபுளோரிடாவிடம் தோற்றது. ஏழு ஆட்டத்திலேயே இப்படி என்றால், ஒற்றை ஆட்ட எலிமினேட்டரில் 100 சதவீத நம்பிக்கை வைப்பவரை என்ன சொல்ல?

விளையாட்டுப் பேச்சுக்கு எதற்கு இவ்வளவு கறார் என்று கேட்கலாம். இந்தப் பேச்சை நம்பித்தான் பல பையன்கள் சம்பளத்தை ஃபேன்டசி ஆப்பில் கொட்டினார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் நிறைவேற்றியது. ஆனால் "இந்த அணிதான், கண்ணை மூடிட்டுப் போடு" என்ற தொனி எந்தச் சட்டத்தாலும் போகாது. சொன்னவருக்கு நஷ்டம் இல்லை, கேட்டவருக்கு உண்டு.

இதற்கு மருந்து 1950லேயே இருக்கிறது. கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலைக்காரர் மழைக் கணிப்புகளுக்கு மார்க் போட ஒரு வழி சொன்னார். நீங்கள் ஒரு அணிக்கு 60 சதவீதம் என்கிறீர்கள். ஜெயித்தால் 1லிருந்து 0.6ஐக் கழித்து வர்க்கப்படுத்துங்கள்: 0.16. தோற்றால் 0.6இன் வர்க்கம்: 0.36. 90 சதவீதம் என்று அடித்துவிட்டுத் தோற்றால் 0.81. மார்க் குறைவாக இருந்தால் கெட்டிக்காரர். எல்லாவற்றுக்கும் 50 என்றே சொல்கிற சோம்பேறிக்கு 0.25 வரும். அவரைத் தாண்டாதவர் நிபுணர் இல்லை.

அடுத்த சீசனில் யாராவது கணிப்பு சொன்னால் இரண்டே கேள்வி கேளுங்க: "எத்தனை சதவீதம்? போன வருஷம் சொன்னதுக்கு மார்க் எவ்வளவு?" பதில் வந்தால் உட்கார்ந்து கேட்கலாம். வரலைன்னா, அது அவரோட ஆசை. ஆசைப்படுவது தப்பில்லை, அதை நம்பி யாரும் காசு வைக்காத வரைக்கும்.