வழிவிலகி நிற்கும் சத்திரம்

2025 மே மாதம் வெள்ளை மாளிகை முன்வைத்த வரவு செலவுத் திட்டம், நிலவைச் சுற்றத் திட்டமிடப்பட்ட கேட்வே விண்வெளி நிலையத்தைக் கைவிடச் சொன்னது. ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அதே நிலையத்துக்கு 260 கோடி டாலர் ஒதுக்கியது. நிலவுக்குப் போகிறவர்கள் தங்கிச் செல்லும் இடம் என்றே ஆதரவாளர்கள் இதை வருணிக்கிறார்கள். சத்திரம் என்று வைத்துக்கொள்வோம். போகிற வழியில்தானே சத்திரம் இருக்க வேண்டும்?

நன்மைகள் உண்டு. ஐரோப்பா, ஜப்பான், கனடா, அமீரகம் என்று பல நாடுகள் இதில் இணைந்தன. நிலையத்தை அதன் பாதையில் தக்கவைக்க மிகக் குறைந்த எரிபொருளே போதும். பூமியோடு தொடர்பு அறாது. பூமியின் காந்தப்புலக் காப்புக்கு அப்பால் நீண்ட நாள் ஆய்வு நடத்தலாம். இவற்றை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பாதையைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஆறரை நாள். வட துருவத்தின் மேல் சுமார் 1,500 கி.மீ. வரை நெருங்கி, தென் துருவத்தின் பக்கம் 70,000 கி.மீ. வரை விலகிப் போகும். மனிதர் இறங்கப் போவதோ தென் துருவத்தில்.

இந்த விசித்திரமான பாதை, வீரர்களை அங்கே கொண்டுசெல்ல வேண்டிய ஓரியன் விண்கலத்தின் இயலாமையால் வந்தது. தாழ்ந்த நிலவுப் பாதைக்குள் நுழைந்து மறுபடி பூமிக்குக் கிளம்ப, வினாடிக்குச் சுமார் 1.8 கி.மீ. அளவுக்கு வேகத்தை மாற்ற வேண்டும். ஓரியனிடம் இருப்பது ஏறத்தாழ 1.3. அப்பல்லோவிடம் 2.8 இருந்தது. ஓரியனை வடிவமைத்தபோது, நிலவுப் பாதைக்குள் கொண்டுசேர்க்கும் வேலை ஆல்டேர் என்ற இறங்குகலத்துக்கு உரியதாக இருந்தது. 2010இல் கான்ஸ்டலேஷன் என்ற அந்த நிலவுத் திட்டம் நின்றபோது ஆல்டேரும் போனது. ஓரியன் மட்டும் தப்பியது. கேட்வேயின் உந்துபகுதியும், சிறுகோளிலிருந்து பாறை எடுத்து வரும் திட்டம் 2017இல் கைவிடப்பட்டபின் மிஞ்சிய வடிவமைப்பிலிருந்து வளர்ந்ததே. மிச்சங்களை முதலில் கையில் வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பொருந்தும் நோக்கத்தைப் பிறகு தேடியிருக்கிறார்கள்.

நிலவுச் சுற்றுப்பாதையில் கலங்கள் சந்திப்பதை அப்பல்லோவே நிரூபித்துவிட்டதே என்ற வாதம் எழும். 1961இல் நாசா பொறியாளர் ஜான் ஹூபோல்ட் விடாப்பிடியாக அந்த முறைக்காக வாதாடியவர். அவர் சொன்னது சரி. திரும்பி வருவதற்கான எரிபொருளை நிலவின் தரைவரை சுமந்து இறக்க வேண்டாம் என்பதே அதன் சாரம். அதற்காக அங்கே காத்திருந்தது ஒரு தாய்க்கலம், சுமார் 100 கி.மீ. உயரத்தில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று வந்துகொண்டு. கேட்வே அந்தச் சாரத்தையே தலைகீழாக்குகிறது. தாழ்ந்த பாதையிலிருந்து இறங்குவதைவிட வினாடிக்கு 700 மீட்டருக்கும் மேலான கூடுதல் வேகமாற்றத்தை இறங்குகலம் தாங்க வேண்டும். இறங்க ஒரு தரம், ஏற ஒரு தரம். ஓரியன் தூக்க முடியாத சுமையை இறங்குகலத்தின் தலையில் ஏற்றிவிட்டு, அதற்கு நிலையம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

என்னை மிகவும் கலங்கடிப்பது நிலவின் தரையில் இருப்பவர்களின் நிலை. ஒருவருக்கு உயிராபத்து நேர்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்பல்லோ வீரருக்குத் தாய்க்கலம் அடுத்த சுற்றில் தலைக்கு மேல் வந்துவிடும். இங்கே நிலையம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து, மேலேறிச் சேர நாட்கணக்கில் ஆகலாம். அதைச் சுருக்க வேண்டுமானால் இன்னும் எரிபொருள் வேண்டும். இந்த ஆபத்தை ஏற்கச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? நிலவில் நடந்த பஸ் ஆல்ட்ரினே 2018இல் இந்த நிலையத்தை வெளிப்படையாக எதிர்த்தார்.

சீனா 2030க்குள் மனிதரை இறக்கத் திட்டமிடுகிறது. அதில் ஆள் ஏறும் கலமும் இறங்குகலமும் நிலவுப் பாதையில் நேரடியாகச் சந்திக்கின்றன. நடுவில் நிலையம் எதுவும் இல்லை.

கேட்வேயின் ஹேலோ என்ற வசிப்பிடத்தின் உலோகக்கூடு இத்தாலியின் டூரினில் உருவாகி, 2025 ஏப்ரலில் அரிசோனாவுக்கு வந்து சேர்ந்தது. நல்ல வேலைப்பாடு. அதைச் செய்த கைகளிடம் தென் துருவத் தரையில் நிற்கும் ஒரு வீட்டைக் கேளுங்கள். மேலே நிலவு மண்ணைக் குவித்தால் கதிர்வீச்சும் குறையும்; கதவைத் திறந்தால் ஆராய வேண்டிய பாறை காலடியிலேயே கிடக்கும்.