கை நுழையாத டிரம்மும் ஒரு ரப்பர் வளையமும்

வாய் குறுகிய நீல டிரம் வைத்திருக்கும் எவரைப் பார்த்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அதன் தலையை வெட்டிவிடாதீர்கள். வெட்டாமலே, உள்ளே விரல்கூட விடாமலே, வெளியில் நின்றபடி அதன் அடிவயிற்றில் ஒரு பைப்பைச் சொட்டுக் கசிவில்லாமல் பொருத்திவிடலாம். அதற்கு வேண்டியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் வளையம். யூனிசீல் என்று பெயர். சென்னையில் மொட்டைமாடித் தோட்டம் போடுகிறவன் என்ற முறையில் எத்தனையோ சாமான்கள் வாங்கியிருக்கிறேன். இந்த வளையத்தைப் போல என்னைக் குதூகலப்படுத்திய பொருள் வேறு எதுவும் இல்லை.

இதன் அருமை தெரிய வேண்டுமானால், இது இல்லாமல் என்ன பாடு என்று பார்க்க வேண்டும். தொட்டியில் பைப் வைப்பது என்றால் நம் ஊரில் டேங்க் நிப்பிள்தான். அதன் தலை தொட்டிக்குள்ளே இருக்கும், நட் வெளியே இருக்கும், நடுவில் வாஷர். ஒருவர் உள்ளே கையை விட்டுத் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வெளியே ரெஞ்சால் நட்டை இறுக்குவார். மாடியில் இருக்கும் பெரிய தொட்டிக்கு மூடியைத் திறந்தால் ஆளே இறங்கலாம். 200 லிட்டர் டிரம்முக்கு அந்த வசதி ஏது? மேலே இரண்டு திருகு மூடிகள் இருக்கும், அவற்றில் பெரியதே 2 இஞ்ச்தான். ப்ளம்பர் அண்ணனைக் கேட்டால், "மேல்பக்கத்தை அப்படியே அறுத்துடலாம் சார், அஞ்சு நிமிஷ வேலை" என்பார். வேலை என்னவோ ஐந்து நிமிஷம்தான். ஆனால் அதற்குப் பிறகு அது டிரம் இல்லை, பெரிய வாளி. மேல்வட்டம் போனதும் சுவரின் விறைப்பு குறைந்துவிடும். இலை விழும், வெளிச்சம் விழுந்து பாசி பிடிக்கும், கொசு முட்டையிடும்.

ஒட்டிவிடலாமே என்று கேட்கலாம். இந்த டிரம் பாலிஎத்திலீனால் ஆனது, அதில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. பிவிசி பைப்புக்குப் போடும் சொல்யூஷன், பிவிசியின் மேல்பரப்பைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. பாலிஎத்திலீனை அதனால் கரைக்க முடியாது. எம்-சீலும் சிலிகானும் சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். ஓரத்தை நகத்தால் கிளப்பினால் தகடாக உரிந்து வரும். டிரம்மின் சுவர் வளைவாக இருப்பது இன்னொரு சிக்கல். தட்டையான வாஷர் அந்த வளைவில் ஒழுங்காகப் படியாது. இரண்டு ஓரம் அழுந்தினால் மற்ற இரண்டு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இத்தனை சிக்கலையும் அந்த வளையம் ஒன்றே தீர்த்துவைக்கிறது. கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அகலமான விளிம்பு, மறுபக்கம் சரிந்து குறுகும் விளிம்பு, இரண்டுக்கும் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம். டிரம் சுவரில் போட்ட ஓட்டையின் ஓரம் அந்தப் பள்ளத்தில் உட்காரும். குறுகிய பக்கம் உள்ளே போகும், அகன்ற பக்கம் வெளியே நம்மைப் பார்த்து நிற்கும். நடுத் துவாரம் உள்ளே போகப்போகச் சுருங்குகிறது. நாம் செருகப்போகும் பைப்பை விடச் சிறியது. அதற்குள் பைப்பை அழுத்தித் தள்ளும்போது ரப்பருக்கு விலகிப் போக இடமில்லை. ஒரு பக்கம் பைப்பை இறுக்கிப் பிடிக்கிறது, மறுபக்கம் ஓட்டையின் ஓரத்தை நெருக்குகிறது. உள்ளே போன விளிம்பு விரிந்து, வெளியே வர முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. நட் கிடையாது, மரை கிடையாது, பசை கிடையாது. வளைந்த சுவரானால் ரப்பரும் கூடவே வளைந்து கொடுக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இதில் வியப்பு தீரவில்லை.

இந்தச் சூட்சுமம் நம் விவசாயிகளுக்குப் புதிதும் அல்ல. சொட்டுநீர்ப் பாசனம் போட்ட வயலில் பிவிசி சப்-மெயின் பைப்பிலிருந்து கிளைக் குழாய் பிரியும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். பைப்பில் ஓட்டை போட்டு, அதில் க்ரோமெட் என்ற சின்ன ரப்பர் வளையத்தை வைத்து, கிளைக் குழாயை மாட்டும் டேக்-ஆஃபை அழுத்திச் செருகியிருப்பார்கள். பைப்புக்குள் கையை விட்டு யாரும் நட் பிடிப்பதில்லை. அந்தக் குழாய்களில் ஓடுவது சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அளவிலான அழுத்தம், அதாவது 10 மீட்டர் உயரத் தண்ணீரின் பாரம். நம் டிரம்மின் உயரமோ சுமார் 90 சென்டிமீட்டர்தான். விளிம்பு வரை நிரப்பினாலும் அடியில் வரும் அழுத்தம் சுமார் 0.09 கிலோதான். வயலில் அதைவிடப் பத்து மடங்கு அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கும் அதே உத்தியை டிரம்மில் ஏன் நம்பக் கூடாது என்பதுதான் நான் எல்லோரிடமும் வைக்கும் வாதம்.

இனி வேலைக்கு வருவோம். எனக்கு இதில் ஒவ்வொரு கட்டமும் பிடிக்கும். முதலில் ஓட்டை. 1 இஞ்ச் பைப்புக்கான யூனிசீலுக்கு 1¾ இஞ்ச் ஓட்டை வேண்டும். டிரில்லில் மாட்டும் 44 மில்லிமீட்டர் ஹோல் சா (வட்ட ரம்பம்) சரியாக இருக்கும். ½ இஞ்ச், ¾ இஞ்ச் இரண்டுக்கும் ஒரே அளவுதான், 1¼ இஞ்ச்; அதற்கு 32 மில்லிமீட்டர். அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில், டிரம்மின் மேடு பள்ளங்களை விட்டு வழவழப்பான இடமாகப் பார்த்துக் குறி வையுங்கள். வண்டல் அடியிலேயே தங்கிவிடும், தெளிந்த தண்ணீர் மட்டும் பைப்பில் வரும். டிரில்லை வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி ஓரத்தில் கட்டி தட்டும். மெதுவாக ஓட்டினால் சுருள் சுருளாகச் சீவல் வரும், ஓட்டை கச்சிதமாக விழும். பிறகு பிசிறை பிளேடால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரலுக்கு எங்கும் தட்டக் கூடாது. கசிவைத் தடுக்கும் பாதி வேலை இந்தத் தடவலிலேயே முடிந்துவிடுகிறது.

அடுத்து பைப். வெட்டிய முனையின் வெளி ஓரத்தை அரத்தால் சுற்றிலும் சரிவாக ராவ வேண்டும். கூர்மையான ஓரம் ரப்பரைக் கிழிக்கும், சரிவான முனை வழுக்கிக்கொண்டு நுழையும். முனையில் பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கரைசலைத் தாராளமாகத் தடவுங்கள். எண்ணெயும் கிரீஸும் வேண்டாம், அவை நாளடைவில் ரப்பரைக் கெடுக்கக்கூடும். பைப்பை நேராகப் பிடித்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்து, லேசாக இப்படியும் அப்படியும் திருகியபடி தள்ள வேண்டும். முதலில் அசைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். தள்ளுங்கள். திடீரென்று உள்விளிம்பைத் தாண்டி 'ளக்' என்று ஒரு வழுக்கல். அந்தக் கணத்துக்காகவே இன்னொரு டிரம் வாங்கலாம்! பைப் இரண்டு இஞ்ச் உள்ளே போனதும் நிறுத்திவிட்டு அதைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், டிரம்மே சேர்ந்து ஆடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை சாதாரண பிவிசிதானே, அதில் சொல்யூஷன் போட்டு பால் வால்வை ஒட்டிவிடலாம்.

கடைக்குப் போகுமுன் ஒரு சங்கதி தெரிந்திருக்க வேண்டும். 1 இஞ்ச் என்று நாம் கேட்டாலும் கடைக்காரர் கொடுக்கும் எல்லா பைப்பும் ஒரே பருமன் இல்லை. வீட்டு ப்ளம்பிங்குக்கான வெள்ளை யூபிவிசி 1 இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 33.4 மில்லிமீட்டர். அதே 1 இஞ்ச் சிபிவிசிக்கு 28.6 தான். வயலுக்குப் போடும் சாம்பல் நிற பைப் 32. யூனிசீல் அந்த 33.4-க்கு அளவெடுத்துச் செய்தது. நெருக்கத்தை நம்பி நிற்கும் இணைப்பு என்பதால் இந்தச் சில மில்லிமீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது. பைப்பையும் வளையத்தையும் ஒன்றாக வாங்கி, அங்கேயே செருகிப் பார்த்துவிடுவது நல்லது. சுலபமாக நுழைந்தால் அது சரியான பைப் இல்லை.

யூனிசீல் கிடைக்காத ஊரில் இருக்கிறீர்களா? கவலை வேண்டாம், டேங்க் நிப்பிளையே உள்ளிருந்து வெளியே வரவைக்கும் ஒரு வித்தை இருக்கிறது. பக்கச் சுவரில் ஓட்டை போட்டு, அதன் வழியாக ஒரு விறைப்பான கம்பியை மேல்வாய் நோக்கி நீட்டி, மூடித் துவாரம் வழியாக வெளியே எடுங்கள். கம்பியின் மேல்முனையில் நிப்பிளைக் கோத்துவிடுங்கள்: மரைப் பக்கம் முன்னால், தலைப்பக்கம் பின்னால், தலையை ஒட்டி வாஷர். நிப்பிள் நழுவிப் போகாதபடி முனையை மடக்கிக்கொள்ளுங்கள். இனி பக்க ஓட்டையிலிருந்து கம்பியை இழுத்தால், நிப்பிள் டிரம்முக்குள் இறங்கி, இருட்டில் தானாகவே வழி கண்டுபிடித்து, மரைமுனையை ஓட்டைக்கு வெளியே நீட்டும்! கம்பியை இழுத்துப் பிடித்தபடி வெளியே ஒரு வாஷரும் நட்டும் போட்டு இறுக்கிவிடலாம். நிப்பிளின் தலை மேல்வாயில் நுழைய வேண்டும் என்பதால் சிறிய அளவுகளுக்கே இது ஒத்துவரும். வளைவுக்கு ஈடுகொடுக்க வாஷர் தடித்த, மெத்தென்ற ரப்பராக இருக்கட்டும். கூரைக்கு அடியில் நெருக்கி வைத்து, மூடியைத் திறக்க இடமில்லாமல் போன பரண் தொட்டிகளுக்கு இந்த வித்தை உதவாது, யூனிசீல்தான் கைகொடுக்கும்.

இந்த இணைப்புகளால் கிடைக்கும் பெரிய லாபம் டிரம்களை வரிசையாகக் கோக்க முடிவது. ஒவ்வொன்றின் அடியிலும் யூனிசீல் போட்டு ஒரே பைப்பில் இணைத்துவிட்டால், ஒன்றில் ஊற்றும் தண்ணீர் எல்லாவற்றிலும் ஒரே மட்டத்துக்கு ஏறும். ஐந்து டிரம் சேர்ந்தால் 1,000 லிட்டர். ஓவர்ஃப்ளோ பைப் ஒரே ஒரு டிரம்முக்கு வைத்தால் போதும். தண்ணீர் வரும் பைப்பைவிட அது சிறியதாக இருக்கக் கூடாது. காற்று வந்துபோக ஒவ்வொரு டிரம்முக்கும் மேலே ஒரு வழி வேண்டும். அதற்கு நெருக்கமான வலை கட்டிவிடுங்கள். நிரம்பிய டிரம் ஒன்று 200 கிலோ கனக்கும் என்பதால், அடியில் சமதளமான, அசையாத மேடை அவசியம். டிரம் வாங்கும்போது முன்பு அதில் என்ன வந்தது என்று கேட்டு, குளுக்கோஸ் பாகு போன்ற உணவுப் பொருள் வந்ததையே எடுங்கள். ரசாயனம் வந்த டிரம்மை எவ்வளவு கழுவினாலும் தொடாதீர்கள்.

இதையெல்லாம் நான் இவ்வளவு ஆர்வமாகச் சொல்லக் காரணம் மழை. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003-இல். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சென்னை குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 100 சதுர அடிக் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர் தண்ணீர் விழுகிறது. 500 சதுர அடி மாடி என்றால் 465 லிட்டர், அதாவது இரண்டு டிரம் நிரம்பி வழியும். ஐப்பசியில் ஒரே இரவில் 5 சென்டிமீட்டர் பெய்வது இங்கே சாதாரணம். அத்தனையும் தெருவில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

சேர்த்துவைத்த தண்ணீரை டெங்குக் கொசுவுக்கு விட்டுக்கொடுக்கவும் கூடாது. ஏடிஸ் கொசு நம் வீட்டைச் சுற்றித் திறந்து கிடக்கும் டிரம்மையும் தொட்டியையும் தேடி வந்துதான் முட்டையிடுகிறது. முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். தலை அறுத்த டிரம் அதற்கு நாமே கட்டிக்கொடுக்கும் பிரசவ அறை. மூடிய டிரம்மோ, வலை கட்டிய வழிகளைத் தவிர வேறு வாசலே இல்லாதது. கை நுழையாது என்று நாம் குறை சொன்ன அதே குணம்தான் கொசுவையும் வெளிச்சத்தையும் குப்பையையும் வெளியே நிறுத்துகிறது. அந்தக் குணத்துக்குப் பங்கம் வராமல் பைப் மட்டும் வைத்துத் தருகிறது என்பதால்தான் இந்த வளையத்தை நான் இப்படிக் கொண்டாடுகிறேன்.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். டிரில்லும் ஹோல் சாவும் வீட்டுக்கு வீடு வாங்க வேண்டிய சாமான்கள் அல்ல. என்னுடையவை தெருவில் கேட்பவர் வீட்டுக்கெல்லாம் போய்வருகின்றன. கூடவே நானும் போகிறேன், அந்த 'ளக்' சத்தத்தைக் கேட்க. உங்கள் தெருவிலும் யாராவது ஒருவர் வாங்கிவைத்துக்கொண்டு தொடங்கிவிடுங்கள். அது நீங்களாகவே இருங்கள்.