ஐம்பதாண்டு ஒப்பந்தமும் ஓர் இரவு நாயும்

ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறந்தது 1971 அக்டோபரில். அடுத்த மாதமே அதன் காட்டுப் பகுதியில் ஃபோர்ட் வில்டர்னஸ் என்ற முகாம் திடலும் திறந்துவிட்டது. கூடாரம் அடிப்பவர்களும் வீட்டுவண்டியை இழுத்துக்கொண்டு வருபவர்களும் தலைமுறை தலைமுறையாகத் தங்கிப்போன இடம் அது. ஹோட்டல் வாடகை கட்டுப்படியாகாத குடும்பங்களுக்கு டிஸ்னியின் எல்லைக்குள்ளேயே கிடைத்த மலிவான மூலை என்றும் சொல்லலாம். அங்கே மரவீட்டுச் சாயலில் இருந்த பழைய கேபின்களை எடுத்துவிட்டு, 350க்கும் மேற்பட்ட புதிய கேபின்களை நிறுத்தி, 2024 ஜூலை 1 முதல் அவற்றை டைம்ஷேராக, அதாவது தங்கும் உரிமையைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே விற்கும் முறையில், நடத்துகிறது டிஸ்னி வெக்கேஷன் கிளப்.

வாங்க நினைப்பவர்கள் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள். என்ன செலவாகும்? நாயைக் கூட்டிப் போகலாமா? இரண்டாவது கேள்வியைச் சிறு வசதி பற்றிய விசாரிப்பாக நினைத்துக் கடைசியில் கேட்கிறார்கள். என் பார்வையில் இரண்டும் ஒரே கேள்விதான். நாய்க்கான விதியைக் கூர்ந்து பார்த்தால் இந்த டைம்ஷேரில் எது உரிமை, எது சலுகை என்பது பிடிபட்டுவிடும்.

முதலில் பணம். 1991இல் தொடங்கிய இந்தக் கிளப்பில் விற்கப்படுவது குறிப்பிட்ட வாரமோ குறிப்பிட்ட அறையோ கிடையாது, புள்ளிகள். வாங்கிய புள்ளிகள் ஆண்டுதோறும் கணக்கில் வந்து சேரும். எந்த இரவுக்கு எத்தனை புள்ளி என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. கிறிஸ்துமஸ் வாரத்துக்கு அதிகம், பள்ளி நடக்கும் செப்டம்பருக்குக் குறைவு. செலவழிக்காத புள்ளியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம், அடுத்த ஆண்டுப் புள்ளியை முன்கூட்டியே எடுக்கலாம். எந்த விடுதியில் வாங்கினாரோ அந்த விடுதிக்கு 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம். கிளப்பின் மற்ற விடுதிகளுக்கு 7 மாதம் முன்பிருந்துதான்.

கேபின்கள் விற்பனைக்கு வந்தபோது தள்ளுபடிக்கு முந்தைய விலை புள்ளிக்கு 230 டாலர். புதிதாகச் சேருபவர் குறைந்தது 150 புள்ளி வாங்க வேண்டும். ஆக 34,500 டாலர். ஒப்பந்தம் 2075 ஜனவரி 31 வரை. விற்பனைப் பிரதிநிதி உடனே வகுத்துக் காட்டுவார்: 50 ஆண்டுக்கு 230 என்றால் புள்ளிக்கு ஆண்டுக்கு 4 டாலர் 60 சென்ட்தானே! கேட்க இதமாக இருக்கும். ஆனால் 34,500 டாலரை 4 சதவீத வட்டியில் போட்டு வைத்தால் ஆண்டுக்கு 1,380 டாலர் வரும். அதை 150ஆல் வகுத்தால் புள்ளிக்கு 9 டாலர் 20 சென்ட். முதல் பணத்தின் உண்மையான ஆண்டுச் செலவு இதுதான். அதிலும் போட்ட பணம் வங்கியில் அப்படியே இருக்கும். டைம்ஷேரில் 2075இல் சுழியாகிவிடும். கடன் வாங்கி வாங்குபவரின் நிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. 10 சதவீத வட்டி என்றால்கூட முதல் ஆண்டு வட்டி மட்டும் 3,450 டாலரை நெருங்கும்.

இதன் மேல் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். கேபின்களின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. அடுக்குமாடி விடுதியில் ஒரு கூரையின் செலவை நூறு அறைகள் பகிர்ந்துகொள்ளும். இங்கே ஒவ்வொரு கேபினுக்கும் தனிக் கூரை, நான்கு வெளிச்சுவர், தனி ஏசி, தனித் திண்ணை. துப்புரவுப் பணியாளர் ஒரு கேபினிலிருந்து அடுத்ததற்கு வண்டியேறிப் போக வேண்டும். சுமார் 750 ஏக்கர் பரப்புக்குள் விருந்தினரை ஏற்றி இறக்கத் தனிப் பேருந்துகள் ஓட வேண்டும். லாரியில் கொண்டுவந்து இறக்கிய இந்த வீடுகள் கான்கிரீட் கட்டடம்போல் நீண்டு உழைக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. மாற்றுவதற்கான சேமிப்பு நிதியும் உறுப்பினரிடமிருந்தே வர வேண்டும். வால்ட் டிஸ்னி வேர்ல்டு எல்லைக்குள் உள்ள டைம்ஷேர் விடுதிகளில் இதன் பராமரிப்புக் கட்டணம் தொடக்கத்திலேயே வரிசையின் மேல்முனையில் நின்றதில் வியப்பில்லை. கணக்குக்காகப் புள்ளிக்கு 11 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 9.20ஐச் சேர்த்தால் 20 டாலரைத் தாண்டுகிறது. உறுப்பினர்கள் தங்களிடம் மிஞ்சிய புள்ளிகளை மற்றவர்களுக்கு வாடகைக்கு விடும் சந்தை ஒன்று இருக்கிறது. அங்கேயும் விலை 20 டாலரை ஒட்டித்தான் போகிறது. அதாவது 50 ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டவருக்கும், இந்த ஒரு விடுமுறைக்கு மட்டும் புள்ளியை வாடகைக்கு எடுத்தவருக்கும் ஓர் இரவின் விலை ஏறத்தாழ ஒன்றே.

பிறகு ஏன் வாங்க வேண்டும்? ஒரு நல்ல காரணம் இருக்கிறது, அதை மறைப்பது நியாயமாகாது. ஒரு விடுதியின் ஓராண்டு இரவுகள் அனைத்துக்குமான மொத்தப் புள்ளிகளை டிஸ்னி கூட்ட முடியாது. ஒரு மாதத்துக்குக் கூட்டினால் இன்னொரு மாதத்துக்குக் குறைத்தாக வேண்டும். ஹோட்டல் வாடகை 20 ஆண்டில் எங்கே போய் நின்றாலும், இன்று ஒரு வாரம் தங்கப் போதுமான புள்ளிகள் அன்றும் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் போதும். பணவீக்கத்துக்கு எதிராக இது உண்மையான காப்பு. ஏறிக்கொண்டே போகக்கூடிய பராமரிப்புக் கட்டணம் அந்தக் காப்பில் ஓட்டை போடும் என்றாலும், எழுத்தில் இருக்கும் உரிமைக்கு மதிப்பு உண்டு.

இப்போது நாய்க்கு வருவோம்.

டிஸ்னியின் ஃபுளோரிடா ஹோட்டல் அறைகளில் வளர்ப்பு நாய்களுக்கு நெடுங்காலம் இடமில்லை. முகாம் திடலில் மட்டும் உண்டு. 2017 அக்டோபர் 15 முதல் நான்கு விடுதிகளில் அனுமதித்தார்கள். ஃபோர்ட் வில்டர்னஸின் பழைய கேபின்கள் அவற்றில் ஒன்று. ஓர் அறைக்கு இரண்டு நாய் வரை. கட்டணம் யாட் கிளப் ஹோட்டலில் இரவுக்கு 75 டாலர், கேபின் உள்ளிட்ட மற்ற மூன்றிலும் 50 டாலர், வரி தனி. தடுப்பூசிச் சான்று வேண்டும், வெளியே வந்தால் கழுத்துவார் வேண்டும். நாய்க்கு விரிப்பு, கிண்ணம், கழிவுப் பை, கழுத்தில் மாட்ட அடையாள வில்லை என்று ஒரு வரவேற்புப் பையும் தந்தார்கள். பார்வையற்றோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவும் பயிற்சி பெற்ற நாய்கள் இந்தக் கணக்கில் வராது. அமெரிக்கச் சட்டப்படி அவை வளர்ப்புப் பிராணிகளே இல்லை, கட்டணமும் கேட்க முடியாது.

அந்த அனுமதி புதிய கேபின்களுக்கும் தொடர்கிறது. இடத்தைப் பொறுத்தவரை, கிளப்பின் வேறெந்த விடுதியையும்விட இந்தக் கேபின்கள் நாய்க்கு ஏற்றவை. கதவைத் திறந்தால் தரை. லிஃப்டுக்குள் அயலாரின் குழந்தையோடு நாயை நெருக்கி நிறுத்த வேண்டாம், கம்பளம் விரித்த நீண்ட தாழ்வாரம் இல்லை. பொதுச்சுவர் இல்லாததால் குரைப்பு அடுத்த படுக்கையறையை எட்டுவதற்குள் பாதி அடங்கிவிடும். முழுச் சமையலறை இருப்பதால் நாய்க்கு வீட்டுச் சாப்பாட்டையே ஆக்கிப் போடலாம். திடலுக்குள்ளேயே நாய்களை அவிழ்த்துவிட வேலியிட்ட பூங்கா உண்டு. பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றும் அதே தனிக்கூரைதான் நாய்க்கு வசதியாகவும் அமைகிறது. ஆறு பேர் படுக்கக்கூடிய கேபினுக்கு ஒரே குளியலறை வைத்த வடிவமைப்பாளர், மனிதர்களைவிட நாயைத்தான் மனத்தில் வைத்திருந்தாரோ என்று தோன்றுகிறது.

ஆனால் அங்கே நாயின் ஒரு நாள் எப்படிக் கழியும்? குடும்பம் ஃபுளோரிடாவுக்குப் பறந்து வருவதே மேஜிக் கிங்டத்துக்கும் மற்றப் பூங்காக்களுக்கும்தான். அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. டிஸ்னியின் பேருந்திலும் இல்லை. ஆகவே காலை எட்டு மணிக்குக் குடும்பம் கிளம்பினால் நாய் ஏசி போட்ட கேபினில் கிடக்கும். புது இடம், புது வாசனை, வெளியே சடசடவென்று ஓடும் கோல்ஃப் வண்டிகள். குரைக்காத நாயும் குரைக்கும். புகார் போனால் பூங்காவில் வரிசையில் நிற்பவரின் கைபேசி அடிக்கும். இதைத் தவிர்க்க 2010இல் டிஸ்னி எல்லைக்குள் திறந்த பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் காப்பகத்தில் நாயைப் பகலுக்கு விடலாம். அதற்கு வேறு கட்டணம். கேபினில் நாய் இருக்க 50 டாலர் கொடுத்துவிட்டு, நாய் கேபினில் இல்லாமலிருக்கவும் பணம் கொடுப்பது விசித்திரமான விடுமுறை. பூங்காக்களுக்குப் போகாமல் முகாமிலேயே படகு, குதிரைலாயம், இரவில் தீ மூட்டிப் பாடுவது என்று கழிக்கும் குடும்பத்துக்குத்தான் நாயோடு வருவதில் பொருள் உண்டு. அப்படிப்பட்ட குடும்பங்கள் ஃபோர்ட் வில்டர்னஸில் ஏராளம். ஆனால் அவர்களில் பலர் கூடாரத்துக்காரர்கள்.

கூடாரத்துக்காரரின் நாய்க்கு இரவுக்கு 5 டாலர்தான். அதே திடல், அதே பைன் மரம், அதே கொசு. கேபின் நாய்க்குப் பத்து மடங்கு. துப்புரவுச் செலவுக்காக என்பது தரப்படும் காரணம், அதில் பாதி நியாயம் இருக்கிறது. ரோமம் சோபாவிலும் ஏசி வடிகட்டியிலும் ஒட்டும். அடுத்து வருபவருக்கு ஒவ்வாமை இருக்கலாம். ஆனால் அந்த ஆழ்ந்த துப்புரவு விருந்தினர் போன பிறகு ஒரு தடவைதானே நடக்கிறது? இரண்டு இரவு தங்கியவர் 100 டாலர் தருகிறார், ஏழு இரவு தங்கியவர் 350 தருகிறார். நாய் ஏழு நாளில் மூன்றரை மடங்கு ரோமம் உதிர்த்தது என்று வாதிடலாம்தான். தங்கல் ஒன்றுக்கு ஒரே கட்டணம் என்று வைத்திருந்தால் துப்புரவு என்ற காரணம் நம்பும்படியாக இருந்திருக்கும்.

பணம் கொடுத்து ஓரிரவு தங்குபவரிடம் இதை வாங்குவதை வணிகம் என்று விட்டுவிடலாம். புள்ளிகளைக் கொண்டு தங்கும் உறுப்பினருக்கும் விலக்கில்லை என்பதுதான் உறுத்துகிறது. துப்புரவுக்கென்று ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டும் ஆள் அவர். ஆண்டுக்கு ஒரு வாரம் நாயோடு வருவார் என்றால், கட்டணம் ஒரு சென்ட் ஏறாவிட்டாலும் 50 ஆண்டில் 17,500 டாலர். வாங்கிய விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

கட்டணத்தையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. மொத்தப் புள்ளிகளைக் கூட்ட முடியாது என்பது எழுத்தில் கட்டப்பட்ட வாக்குறுதி. 2075 வரை உங்கள் உரிமை என்பதும் அப்படியே. நாய்க்கு அனுமதி என்பது நிர்வாக விதி மட்டுமே. வீட்டுக்காரர் வாசலில் நின்று "நாய் வளர்த்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை" என்று சொன்னதற்கும், வாடகைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்ததற்கும் உள்ள தூரம்தான் இங்கேயும். வேண்டுமென்றால் கட்டணத்தை ஏற்றலாம், நாய் அனுமதிக்கும் கேபின்களைக் குறைக்கலாம், ஒரு நாள் நிறுத்தியும் விடலாம். நடக்காது என்பவர்களுக்கு மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் நினைவிருக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு 2005 முதல் இலவசமாக ஓடிய அந்தப் பேருந்தை, டிஸ்னியில் சொத்து வாங்கியதன் ஒரு பகுதியாகவே பல உறுப்பினர்கள் கருதிவந்தார்கள். 2022 தொடக்கத்தோடு அது நின்றது. ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஏனென்றால் பேருந்து அதில் இருந்ததே இல்லை.

மறுபக்கம், நாய் வேண்டாம் என்கிற உறுப்பினரும் இருக்கிறார். ஹோட்டல் விருந்தினருக்கு ஒவ்வாமை என்றால் வேறு விடுதிக்குப் போய்விடுவார். கேபினில் 150 புள்ளி வாங்கியவருக்கு 11 மாத முன்னுரிமை கேபினுக்கு மட்டும்தானே! எல்லாக் கேபினிலும் நாயை விட்டால் அவருக்கு அநியாயம். சில கேபின்களை மட்டும் ஒதுக்கினால், நாய்க்காகவே வாங்கியவர் விடுமுறைக் காலத்தில் அந்தச் சிலவற்றுக்காக முண்டியடிக்க வேண்டும். ஐம்பதாண்டுக் கூட்டாளிகளாகச் சேர்க்கப்பட்டவர்களின் இந்த முரணைத் தீர்க்கும் அதிகாரம் உறுப்பினர்களிடம் இல்லாமல் நிர்வாகத்திடம் மட்டும் இருப்பது டைம்ஷேர் முறைக்கே உரிய கோளாறு.

மறுவிற்பனையைப் பற்றி எல்லாரும் எச்சரிக்கிறார்கள். 2019 ஜனவரிக்குப் பின் கிளப்பின் ரிவியரா விடுதியில் தொடங்கிய விதி கேபின்களுக்கும் பொருந்தும்: மறுவிற்பனையில் புள்ளிகளை வாங்கியவர் அவற்றை அந்த ஒரே விடுதியில்தான் செலவழிக்க முடியும், கிளப்பின் மற்ற விடுதிகள் கிடையாது. பராமரிப்புக் கட்டணம் உயர்ந்தால் மறுவிற்பனை விலை எப்படிச் சரியும் என்பதற்கு, கடற்கரையில் தனித்து நிற்கும் கிளப்பின் வீரோ பீச் விடுதி பழைய உதாரணம். இரண்டு சுமையும் கேபினின் மேல் சேர்ந்து விழுகின்றன. டிஸ்னியிடம் நேரே வாங்கிவிட்டு, ஐந்தாறு ஆண்டில் விற்றுப் பணத்தை எடுத்துவிடலாம் என்று நினைப்பவர் இதில் இறங்கக் கூடாது.

ஆனால் இந்த விதி எல்லாரையும் ஒரே மாதிரி கடிக்காது. கிளப்பின் ஹவாய் விடுதியும் வேண்டாம், கலிஃபோர்னியா விடுதியும் வேண்டாம், இந்தக் காட்டுக் கேபினும் என் நாயும் போதும் என்பவருக்கு அந்தக் கட்டுப்பாட்டால் எந்த இழப்பும் இல்லை. மறுவிற்பனையில் வாங்கினாலும் கேபினுக்கான 11 மாத முன்னுரிமை அவருக்கு அப்படியே உண்டு. மற்றவர்கள் அஞ்சி விலகும் காரணமே அவருக்கு விலையைக் குறைத்துக் கொடுக்கிறது. ஆகவே அவர் 230 டாலருக்கு அவசரப்பட வேண்டியதில்லை. ஓரிரு கோடைக்குப் புள்ளியை வாடகைக்கு எடுத்து நாயோடு தங்கிப் பார்க்கலாம். பிடித்துவிட்டால், சலித்துப் போன முதல் உறுப்பினர்கள் விற்க வரும்வரை காத்திருந்து வாங்கலாம். அதற்குள் விற்பனை அரங்கில் யாராவது பேசி மயக்கிக் கையெழுத்து வாங்கிவிட்டால், டைம்ஷேர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய ஃபுளோரிடா சட்டம் 10 நாள் தருகிறது.