நச்செள்ளையாருக்குக் கொடுத்த பொன்

காக்கைபாடினியார் நச்செள்ளையாருக்கு ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் கொடுத்தான் என்கிறது பதிற்றுப்பத்தின் ஆறாம் பதிகம். சங்ககாலப் பெண் கவிஞர் பெற்ற பெரும் பரிசு என்று மேடைகளில் சொல்கிறோம். பெருமைதான். ஆனால் பொன் எதற்கு? நகை செய்து அணிந்துகொள்ள.

அஸ்தினாபுரத்தில் (மனைவியைச் சூதில் வைத்த நகரத்தின் பெயர்தான் எங்கள் புறநகருக்கும்) சில கல்லூரிப் பெண்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து படிக்கிறேன். மற்றப் பதிகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். குமட்டூர்க் கண்ணனாருக்கு உம்பற்காட்டில் 500 ஊர்கள். கபிலருக்குக் காணத்தோடு, குன்றேறி நின்று மன்னன் கண்ட நாடெல்லாம். அரிசில்கிழாருக்கு அரியணையையே நீட்டினார்கள். அவர் வேண்டாமென்று அமைச்சரானார். நகைக்கு என்று நோக்கம் சொல்லிக் கொடுத்தது இவருக்கு மட்டும்தான். "சீர் செஞ்ச மாதிரி இருக்கேக்கா" என்றாள் ஒருத்தி. கூடவே, மன்னன் அவரைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான் என்கிறது பதிகம். அவைப்புலவராக்கினான் என்றும் கொள்ளலாம்; மனைவியாக்கினான் என்று படிப்பவர்களும் உண்டு. கபிலரைப் பற்றி யாருக்கும் இந்தச் சந்தேகம் வராது. பதிகங்கள் பாடல்களுக்குப் பிந்தியவை. ஆகவே நகை ஆசை மன்னனுடையதா, பதிகம் எழுதியவருடையதா என்பதும் கேள்விதான்.

இன்றைக்கு வருவோம். சாகித்திய அகாதெமி விருதைத் தமிழில் பெற்ற பெண்கள் ராஜம் கிருஷ்ணன் (1973), லக்ஷ்மி (1984), திலகவதி (2005), அம்பை (2021). நால்வரும் புனைகதைக்காரர்கள். கவிதைக்காக ஒரு பெண்கூட இல்லை. இத்தாலியிலும் இதே கதை: நோபல் பெற்ற கவிஞர்கள் கார்டூச்சி, குவாசிமோதோ, மொந்தாலே மூவரும் ஆண்கள், ஒரே பெண்ணான கிராசியா தெலெத்தா (1926) நாவலாசிரியர். பெண் கதை சொன்னால் பொறுத்துக்கொள்கிறார்கள், 'நான்' என்று பாடினால்தான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது.

நச்செள்ளையாரின் பத்துப் பாடல்களில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது 'சிறுசெங்குவளை'. மன்னன் பிற பெண்களோடு துணங்கை ஆடிவிட்டு வருகிறான். அரசி அவன்மேல் எறியக் குவளைப்பூவை ஓங்குகிறாள். கொடு என்று அவன் கெஞ்சுகிறான். நீ எனக்கு யார் என்று கேட்டுவிட்டு அவள் நகர்கிறாள். இந்தப் பூவையே வாங்க முடியாதவன் பகைவர் கோட்டைகளை எப்படி வாங்குவாய் என்று கேட்கிறார் புலவர். புகழ்ச்சிதான், மன்னனும் சிரித்திருப்பான். இருந்தாலும், போர்வெற்றி பாட வந்த இடத்தில் ஒரு பெண்ணின் கோபத்தைக் கோட்டைக்கு மேலாக வைத்திருக்கிறார். ஒன்பது காப் பொன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பாடலைப் பற்றிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.