ரோஜா அத்தர்: முகர்வதும் அணிந்தவரை அறிவதும்

ரோஜா அத்தரில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று பன்னீர் ரோஜாவின் மணம். மற்றொன்று அந்த மணத்தைப் பிடித்து வைத்திருக்கும் சந்தன எண்ணெய். பூவுக்கும் வடிப்புக்கும் பேர்பெற்றது உத்தரப் பிரதேசம். சந்தனத்துக்குப் பேர்பெற்றது பழைய மைசூர் சமஸ்தானம். முதல் உலகப் போரால் ஐரோப்பாவுக்குச் சந்தனக் கட்டை போவது தடைபட்டதும், 1916-இல் மைசூர் அரசே எண்ணெய் வடிக்கும் ஆலையைத் தொடங்கியது. நல்ல ரோஜா அத்தரை முகர்பவர் பூவோடு சேர்த்து அந்தக் கட்டையையும் முகர்கிறார்.

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரத்தில் அத்தர் வடிக்கும் முறை பழையது. வெயில் ஏறுமுன் பறித்த பூவை ‘தேக்’ என்னும் செப்பு அண்டாவில் தண்ணீரோடு போட்டு, மூடியின் விளிம்பைப் பஞ்சும் களிமண்ணும் வைத்து அடைக்கிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே ‘பப்கா’ என்ற செப்புக் கலத்தில் இறங்கும். தண்ணீர்த் தொட்டியில் முங்கிக் கிடக்கும் அந்தக் கலத்தில் சந்தன எண்ணெய் இருக்கும். தினமும் புதுப் பூ போட்டு, அதே எண்ணெயில் மணத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். சந்தனம் சேர்க்காமல் பூவின் எண்ணெயை மட்டும் எடுத்தால் அதற்கு ரூஹ் என்று பெயர். ஒரு கிலோ ரூஹுக்கு ஏறத்தாழ 4,000 கிலோ பூ வேண்டும். டன் கணக்கில் பாறையை உடைத்துச் சில கிராம் தங்கம் எடுத்த கோலார் தங்கவயலுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

முகர்ந்து பழக விரும்புபவர் முதலில் பூக்கடையில் பன்னீர் ரோஜா வாங்கி வருவது நல்லது. ஓசூர்ப் பக்கம் பசுமைக் குடில்களில் விளையும் நீளக் காம்பு ரோஜா இதற்கு உதவாது. நாள்பட வாடாமல் இருக்க வேண்டும் என்று வளர்த்த வகைகள் பலவற்றில் மணமே இல்லை. அந்த ரோஜாவை மட்டும் பார்த்து வளர்ந்தவருக்கு அத்தர் அந்நியமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

பாட்டிலோடு வரும் கண்ணாடிக் குச்சியை மணிக்கட்டின் உட்புறம் ஒரு முறை தொட்டு எடுத்தால் போதும். தேய்க்கக் கூடாது. மூக்கை ஒட்டி வைத்து இழுக்காமல், ஒரு சாண் தள்ளி, சின்னச் சின்ன மூச்சாக முகர வேண்டும். முதலில் வருவது லேசான எலுமிச்சை வாடையும் பச்சை இலை வாடையும். சிட்ரோனெல்லோல், ஜெரானியோல் என்ற பொருள்களின் வேலை அது. கால் மணி நேரத்தில் தேனும் வெந்த பழமும் கலந்த ஓர் அடர்த்தி எழும். ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவாக இருக்கும் டமாஸ்கெனோன் என்ற பொருளுக்கு அதில் பெரும் பங்குண்டு. சாயங்காலம் அதே இடத்தை முகர்ந்தால் பூ பின்வாங்கி, பால் வாடை கலந்த சந்தனம் முன்னுக்கு வந்திருக்கும். இந்த மூன்றாம் கட்டம் வரை பொறுக்காமல் அத்தருக்கு மதிப்பெண் போடுவது அவசரம்.

கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பிலிருந்து தெளிப்பது ஏன் வேறு மாதிரி மணக்கிறது என்ற கேள்விக்கும் விடை உண்டு. ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் என்ற பொருள் தண்ணீரில் நன்றாகக் கரையும். ஆகவே வடிக்கும்போது அதில் பெரும்பகுதி பன்னீரோடு போய்விடுகிறது. எண்ணெயில் குறைவாகவே தங்குகிறது. மலிவுப் பன்னீர் பலவற்றில் ஆலையில் செய்த இந்த ஒரே பொருள்தான் மணக்கிறது. அது தட்டையாக இருப்பது அதனால்தான்.

கலப்படத்துக்குப் பழைய கையாள் பால்மரோசா என்னும் புல் எண்ணெய். அதில் ஜெரானியோல் மிகுதி. ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து துருக்கிக்கே போய் அங்குள்ள ரோஜா எண்ணெயில் கலந்தது. நேரம் ஆக ஆகப் புல் வாடை மட்டும் நின்றால் சந்தேகப்படலாம். சுத்தமான ரூஹுக்கு இன்னோர் அடையாளம், அதிலுள்ள மெழுகுத் தன்மை. சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் தங்கவயலில், மார்கழி இரவின் குளிரில் ரூஹ் பாட்டிலுக்குள் மெல்லிய பளிங்கு இழைகள் ஓடும்; உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்தால் அவை கரைந்துவிடும். சந்தனத்தில் ஏற்றிய அத்தரில் இதை எதிர்பார்க்க முடியாது. சந்தன விலை எகிறியபின் லிக்விட் பாரஃபினில் ஏற்றிய அத்தரே கடைகளில் அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி அணிபவர். ரோஜா என்றால் மென்மையான பெண் என்பது மேலைநாட்டு விளம்பரங்கள் பரப்பிய எண்ணம். ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில், நூர்ஜஹானின் தாய் அஸ்மத் பேகம் கண்டெடுத்த ரோஜா எண்ணெயை மனம் குளிரப் புகழ்கிறார். தொழுகைக்குப் போகும் ஆண்கள் காது மடிப்பில் அத்தர்ப் பஞ்சு வைப்பது இன்றும் வழக்கம். பிரெஞ்சு வாசனையாளர் டொமினிக் ரோப்பியோன் 2010-இல் பச்சௌலியோடு சேர்த்துச் செய்த அடர்ந்த ரோஜா வாசனைக்கு ‘போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி’ என்று பெயர்; அதை ஆண்களும் விரும்பிப் பூசுகிறார்கள்.

பூவின் பெயரை வைத்துக் குணம் சொல்வது ஜோசியம். ரோஜாவே வேண்டாம் என்பவருக்கு மென்மை இல்லை என்று முடிவுகட்ட முடியாது. சாவு வீட்டு மாலையும் பன்னீரும் அவர் நினைவில் முந்திக்கொண்டிருக்கலாம். குணம் தெரிவது அளவில்தான். தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு, ஒருவர் பூசுவது பத்துப் பேர் மூக்குக்குப் போகும் என்பது தெரியும். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் ஊரார் பலர் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். அந்த ரயில் நெரிசலில் அத்தர் பூசுபவரின் இங்கிதம் உடனே வெளிப்பட்டுவிடும். காதுக்குப் பின்னால் ஒரு தொடுகை வைத்தவரின் மணம், பெருநாளில் கட்டித் தழுவுபவருக்கு மட்டும் கிடைக்கும். சட்டை முழுக்க அடித்துக்கொண்டவர் பெட்டிக்குள் நுழையும்போதே தெரிந்துவிடுவார்.

அதற்காக அவரை ஆடம்பரக்காரர் என்று தள்ளிவிடவும் வேண்டாம். ஒரே மணத்தில் சற்று நேரம் இருந்தாலே மூக்கு மரத்துவிடும். தம் மீது மணமே இல்லை என்று நம்பித்தான் பலர் மேலும் மேலும் பூசுகிறார்கள். நடுவில் காப்பிக்கொட்டையை முகர்வதாலும் தனிப்பட்ட பலன் இல்லை. வாசலுக்கு வந்து வெறுங்காற்றை இழுத்தாலே போதும்.

வாங்குபவர் காலையில் கடையில் கையில் தொட்டுக்கொண்டு போய், சாயங்காலமும் பிடித்திருந்தால் திரும்பி வந்து சின்னப் பாட்டிலாக வாங்கட்டும். சந்தனத்தில் ஏற்றியதா, பாரஃபினா என்று கேட்டுவிட்டே காசு கொடுக்க வேண்டும். வெயில் படாத அலமாரியில், மூடி இறுக்கி வைத்தால், சந்தனத்தில் ஏற்றிய ரோஜா அத்தர் பல ஆண்டுகள் கெடாது.