வேவு என்னும் வாசிப்பு

எம்.ஏ. வகுப்பில் வெட்சித் திணை நடத்தும்போது ‘வேய்’ என்ற துறையை ‘ஒற்றறிந்து வருதல்’ என்று ஒரே வரியில் தாண்டிப் போனார்கள். நானும் அப்படியே எழுதி மார்க் வாங்கிக்கொண்டேன். இருப்பதைப் போய்ப் பார்த்துவந்து சொல்வது, அதற்குமேல் என்ன இருக்கிறது என்ற நினைப்பு. வியட்நாம் போரில் அமெரிக்கப் படை வேவு பார்த்த முறைகளைப் படித்தபின் அந்த விடைத்தாளைக் கிழித்துப்போடத் தோன்றுகிறது.

ஒரு முறை, சந்தேகப்படும் புதர்மீது முதலில் சுடுவது. திருப்பிச் சுட்டால் எதிரியின் இடம் தெரிந்துவிடும். பயந்து ஓடினால்? ஓட்டமே சாட்சி. அப்படிச் செத்த ஊர்க்காரர்கள் உண்டு.

இன்னொன்று, ஆள் மோப்பக் கருவி. வேர்வையிலும் மூத்திரத்திலும் உள்ள அம்மோனியாவை மோப்பம் பிடிப்பது. முதுகில் சுமந்து போனபோது சுமந்தவனின் வேர்வையையே அது காட்டிக்கொடுத்தது. பிறகு ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். அம்மோனியாவுக்குக் கட்சி ஏது? கொரில்லாவும் குடியானவனும் எருமையும் அதற்கு ஒன்றுதான். எதிர்த்தரப்பு மூத்திர வாளிகளை மரத்தில் தொங்கவிட்டு ஏமாற்றியது. 1968 முதல் 1973 வரை லாவோஸில் ஹோ சி மின் பாதை நெடுகச் செடிபோலத் தோன்றும் அதிர்வுணரிகளை விமானத்திலிருந்து போட்டார்கள். நிலம் அதிர்ந்தால் தாய்லாந்தின் நக்கோன் பனோமில் இருந்த கணிப்பொறிக்குச் சேதி போகும், குண்டு விழும்.

ஆக, வேவு எதிரியைக் கண்டுபிடிப்பதில்லை. தன் கருவிக்கு எட்டுவதை எதிரி என்று கட்டமைக்கிறது. அதுவும் ஒரு வாசிப்புதான். வாசிக்கப்படுபவன் மறுத்துப் பேச வாய்ப்பே இல்லாத வாசிப்பு.

‘நம்ம வள்ளுவர் அன்றைக்கே சொல்லிட்டார்’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றர்களின் சொல் ஒத்தால்தான் நம்பு என்கிறது ஒற்றாடல் அதிகாரம். எந்திரத்துக்கு இல்லாத அந்தச் சந்தேகத்தை மதிக்கிறேன். ஆனால் அதே அதிகாரம் பகைவரோடு சேர்த்து வேலை செய்பவரையும் சுற்றத்தையும் கண்காணிக்கச் சொல்கிறது. பகைவனைத் தேடக் கிளம்பும் அரசு வீட்டுக்குள்ளும் வந்துவிடும்.

அரசை மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் கூட்டங்களில் ஒருத்தர் வாய் திறந்ததும் ஒற்றைச் சொல்லை மோந்து பார்த்து ‘இவன் அந்த முகாம்’ என்று முடிவு கட்டுகிறோம். நானும் செய்திருக்கிறேன். இனி அப்படி வாடை அடித்தால் முதலில் கேட்க வேண்டியது, அது சுமக்கிறவனின் வேர்வையா என்பதைத்தான்.